தாய்மாமன் மொய்

பேராவூரணிப் பக்கம் ஆடி பிறந்துவிட்டால் சுவரெல்லாம் மொய் விருந்து போஸ்டர்தான். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: இது கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வைக்கிற மொய் இல்லை. மொய்க்காகவே வைக்கிற விருந்து. பத்துப் பதினைந்து பேர் கூட்டாகப் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவியவர் ஒவ்வொரு மேசையாகப் போய் மொய் எழுதுவார். ஊர், பேர், தொகை. நோட்டில் இவ்வளவுதான் இருக்கும். வாங்கியவர் அதை அன்பளிப்பு என்று நினைத்துவிட முடியாது. எழுதியவர் வீட்டு விருந்து வரும்போது அந்தத் தொகைக்கு மேல் கொஞ்சம் போட்டு எழுதியாக வேண்டும். போர்வெல், பிள்ளை படிப்பு, சிங்கப்பூர் போக ஏஜெண்ட் பணம் என்று எங்கள் பகுதியில் பல குடும்பங்கள் இந்த நோட்டை நம்பித்தான் நிமிர்ந்திருக்கின்றன. பத்திரம் இல்லாத கடன். நோட்டுதான் சாட்சி.

2021 மாசியில் என் சித்தி மகள் போன் செய்து, "அண்ணே, மொய் விருந்து வச்சா எவ்வளவுண்ணே வரும்?" என்று கேட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு நாலு ஏக்கர் தென்னை. 2018 நவம்பரில் கஜா அடித்ததில் முக்கால்வாசி மரம் சாய்ந்துவிட்டது. புதிதாக வைத்த கன்று இன்னும் இடுப்பு உயரம் தாண்டவில்லை.

"அஞ்சு வரும், பத்து வரும். நாம எழுதி வச்சதப் பொறுத்தது. எதுக்கு?"

"பாப்பாவுக்கு ஒரு ஊசி போடணுமாம். பதினாறு கோடின்னு சொல்றாங்க."

காதில் தப்பாக விழுந்தது என்று நினைத்து, "பதினாறு லட்சமா?" என்றேன்.

"கோடிண்ணே."

பாப்பாவுக்கு ஏழு மாதம். கழுத்து நிற்கவில்லை. குப்புற விழுந்ததும் செய்கிற பலகாரத்துக்கு மாவு இடித்து வைத்துவிட்டுச் சித்தி காத்துக்கொண்டே இருந்தாள். கையும் காலும் துணிபோலத் துவண்டு கிடந்தன. அழுதால் பூனைக்குட்டிச் சத்தம். ஆனால் கண் இருக்கிறதே, அறைக்குள் யார் வந்தாலும் அந்தக் கண் கூடவே வரும். முகம் பார்த்துச் சிரிப்பாள். முதுகெலும்புத் தசைச் சிதைவு, சுருக்கமாக எஸ்.எம்.ஏ., முதல் வகை என்று ரத்தப் பரிசோதனை சொல்லியது. இந்த நோய் அறிவைத் தொடாது. தசையை அசைக்கும் நரம்புச் செல்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கொல்லும். கடைசியில் மூச்சு விடுகிற தசைக்கு வரும். வைத்தியம் இல்லாவிட்டால் இந்த வகைக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

அவள் கூடப்பிறந்தவன் இல்லாதவள். ஆகவே நான்தான் தாய்மாமன். எங்கள் ஊரில் எந்த விசேஷத்திலும் நோட்டின் முதல் வரி தாய்மாமன் மொய். நான் ஏதோ எழுதுகிறவன் என்பதால், இந்தக் குழந்தைக்குப் பணம் கேட்கும் கடிதத்தை எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. எழுதுவதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு ஊசி எப்படிப் பதினாறு கோடி ஆகும் என்பதுதான் அப்போது என் கேள்வி.

*

நோய் புதிதல்ல. 1891இல் ஆஸ்திரியாவில் கீடோ வெர்ட்னிக் என்ற மருத்துவர் இரண்டு சகோதரக் குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் ஹைடல்பர்க்கில் யோஹான் ஹாஃப்மன் இன்னும் சில குடும்பங்களைப் பற்றி எழுதினார். வெர்ட்னிக்–ஹாஃப்மன் நோய் என்று பெயர் நின்றது. அதற்குப் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு மருத்துவர்களால் பெயரைச் சொல்ல முடிந்தது, வேறொன்றும் செய்ய முடியவில்லை.

நமக்கு எல்லா மரபணுவும் இரட்டைப் பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. எஸ்.எம்.என். 1 என்ற மரபணுவில் ஒரு பிரதி கெட்டிருந்தால் ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. ஏறத்தாழ ஐம்பது பேரில் ஒருவர் அப்படி இருப்பார். அவருக்கே அது தெரியாது. அப்படிப்பட்ட இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் கெட்டதாக வந்து சேர. சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் ஒரே பிழை இருக்கிற வாய்ப்பு கூடும். சொந்தமே இல்லாதவர்களுக்கும் வரும்.

தங்கச்சி கட்டியது அத்தை மகனை. டாக்டர் படம் போட்டு விளக்கியதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது" என்று அவள் மாமியார் சொன்னாள். அந்த மாமியார் எங்கள் சித்தப்பாவின் கூடப்பிறந்தவள். இரண்டு வம்சமும் ஒரே வம்சம். அன்றைக்கு அதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. தங்கச்சி ஒன்றும் பேசாமல் பாப்பாவின் மூக்குக் குழாயில் பால் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

*

பணம் திரட்டித் தரும் இணைய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தோம். அங்கிருந்து பேசிய பையன் நல்லவன்தான். "சார், சிரிக்கிற போட்டோ வேணாம். டியூப் இருக்கிற மாதிரி, அழுவுற மாதிரி ஒண்ணு அனுப்புங்க. அதுக்குத்தான் வரும்" என்றான். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த மஞ்சச் சட்டை போட்டோ போடுங்கண்ணே. டியூப் போட்டோ வேணாம். அவ அப்படி இல்லண்ணே." இரண்டு நாள் அவளோடு மல்லுக்கட்டினேன். "உனக்குப் புள்ள வேணுமா, போட்டோ முக்கியமா?" என்றுகூடக் கேட்டேன். டியூப் படம்தான் போனது.

அந்தப் பையன் சொன்னது அவனுடைய கண்டுபிடிப்பல்ல. அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

1938 ஜனவரியில் அமெரிக்காவில் எட்டி கேன்டர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலியில் ஒரு வேண்டுகோள் வைத்தார். போலியோவுக்கு மருந்து கண்டுபிடிக்க ஆளுக்கொரு டைம், அதாவது பத்து சென்ட் நாணயம், நேரடியாக வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்றார். அதிபர் ரூஸ்வெல்ட்டே போலியோவால் கால் விளங்காதவர். 26,80,000 நாணயங்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. அதுவரை தர்மம் என்பது பணக்காரர் கொடுப்பது. நோய் ஆராய்ச்சிக்குக் கூலிக்காரனும் பள்ளிப் பிள்ளையும் காசு போடலாம் என்று காட்டியது அந்த இயக்கம். 1946 முதல் ஆண்டுக்கொரு குழந்தையைச் சுவரொட்டியில் போட்டார்கள். தொட்டிலுக்குள் கழுத்துப் பட்டையோடு நிற்கும் சிறுவன் ஒரு பக்கம், நிமிர்ந்து நடந்துவரும் அதே சிறுவன் மறுபக்கம். போஸ்டர் குழந்தை என்ற வழக்கு இப்படித்தான் வந்தது.

அடுத்து தொலைக்காட்சி. தசைச் சிதைவு நோய்களுக்காக நடிகர் ஜெரி லூயிஸ் 1966 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் திங்களையொட்டிய தொழிலாளர் தின விடுமுறையில் ஒரு நாளுக்கு நெருக்கமாக இடைவிடாமல் நிகழ்ச்சி நடத்தினார். பாட்டு, கூத்து, நடுநடுவே சக்கர நாற்காலியில் குழந்தைகள், கீழே ஏறிக்கொண்டே போகும் தொகை. 'ஜெரியின் குழந்தைகள்' என்று அவர்களுக்குப் பெயர். பணம் கோடிகோடியாக வந்தது.

1981இல் ஒரு எதிர்க்குரல் எழுந்தது. இவான் கெம்ப் என்ற வழக்கறிஞர், இந்த நிகழ்ச்சி எங்களைக் காலத்துக்கும் குழந்தைகளாகவே காட்டுகிறது, எங்களைப் பார்த்து இரக்கப்படுகிறவன் எங்களுக்கு வேலை தரமாட்டான் என்ற பொருளில் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவருக்கு இருந்தது எஸ்.எம்.ஏ.வின் மென்மையான வகை. 1990இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கையெழுத்தானபோது அந்த மேடையில் அவரும் இருந்தார். அடுத்த ஆண்டு, ஒருகாலத்தில் அதே நிகழ்ச்சியின் போஸ்டர் குழந்தைகளாக இருந்தவர்களே பெரியவர்களாகி 'ஜெரியின் அநாதைகள்' என்று பெயர் வைத்துக்கொண்டு தெருவில் நின்று எதிர்த்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தங்கச்சியின் குரல்தான் கேட்டது. 'அவ அப்படி இல்லண்ணே.' ஆனால் படம் ஏற்கெனவே போய்விட்டது. பணமும் வர ஆரம்பித்திருந்தது. பையன் சொன்னது சரிதான், அதற்குத்தான் வந்தது.

*

அந்த ஊசியின் வேரைத் தேடிப் போனால் ஓர் அம்மாவிடம் போய் நிற்கிறது. பிரான்சில் யோலேன் து கெப்பேர் என்ற பெண்ணுக்கு ஏழு பிள்ளைகள். அதில் நான்கு பேருக்குத் தசைச் சிதைவு. 1958இல் தன்னைப் போன்ற பெற்றோர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அரசாங்கத்துக்கு அப்போது அந்த நோயாளிகள் கணக்கிலேயே இல்லை. சங்கம் செய்த முதல் வேலை, நாங்கள் இருக்கிறோம் என்று சொன்னதுதான்.

1980களில் அந்தச் சங்கத்தின் தலைமை பெர்னார் பாராத்தோவிடம் வந்தது. மின்சார வாரியத்தில் வேலை பார்த்தவர், மருத்துவரோ விஞ்ஞானியோ அல்ல. அவருடைய மகன் இதே போன்ற நோயில் 1986இல் இறந்துபோனான். மகன் போனபின் ஒதுங்கிக்கொள்ளாமல், இன்னொரு பாதிக்கப்பட்ட குழந்தையின் தந்தையான பியேர் பிராம்போவுடன் சேர்ந்து, ஜெரி லூயிஸின் நிகழ்ச்சியைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். 1987 டிசம்பரில் முதல் 'தெலெத்தோன்', முப்பது மணி நேரம். வந்த தொகை 18 கோடி பிராங்குக்கு மேல்.

அந்தப் பணத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். சக்கர நாற்காலியும் வாங்கினார்கள். ஆனால் பெரும்பங்கை, இந்த நோய்களுக்கெல்லாம் வேர் மரபணுவில் இருக்கிறது, முதலில் அதற்கு வரைபடம் வேண்டும் என்று அதில் போட்டார்கள். 1990இல் பாரிசுக்கு வெளியே எவ்ரியில் 'ஜெனத்தோன்' ஆய்வகம் எழுந்தது. தானியங்கி இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி, தொழிற்சாலைபோல மனித டி.என்.ஏ.வைப் படித்தார்கள். டேனியல் கோயனும் ஜான் வைசன்பாக்கும் அங்கே உருவாக்கிய வரைபடங்கள் 1992, 1993இல் வெளிவந்தன. பெரிய அரசாங்கங்கள் தயங்கிக்கொண்டிருந்த வேலையை டிவி பார்த்துப் போட்ட பணம் செய்து முடித்தது. வரைபடங்களை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள்.

1995இல் பாரிசில் ஜூடித் மெல்கியின் குழு எஸ்.எம்.ஏ.வுக்குக் காரணமான எஸ்.எம்.என். 1 மரபணுவைக் கண்டுபிடித்தது. கெட்ட மரபணு எது என்று தெரிந்தபின், நல்ல பிரதியை உடம்புக்குள் கொண்டுபோக வண்டி வேண்டும். தீங்கு செய்யாத ஏஏவி 9 என்ற வைரஸ்தான் அந்த வண்டி. கையில் ஏற்றினால் ரத்தம் வழியாக முதுகுத்தண்டு வரை போய்ச் சேரும் என்பதை ஜெனத்தோனில் மார்தின் பார்க்காவின் குழுவும், அமெரிக்காவில் ஒஹையோவில் பிரையன் காஸ்பரின் குழுவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் காட்டினார்கள். 2017 நவம்பரில் வெளியான சோதனை முடிவில் மருந்து பெற்ற 15 குழந்தைகளும் இருபது மாதத்தில் உயிரோடு, மூச்சுக்கு நிரந்தர இயந்திரம் இல்லாமல் இருந்தார்கள். மருந்தில்லாத காலத்தில் அந்த நிலையை எட்டியவர்கள் நூற்றுக்கு எட்டு பேர். முழு அளவு பெற்ற 12 பேரில் 11 பேர் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் நடந்தார்கள். நூறு ஆண்டுகளாகப் பெயர் மட்டுமே இருந்த நோயில், நடந்தார்கள்.

2018 ஏப்ரலில் அந்த மருந்தை உருவாக்கிய அவெக்சிஸ் நிறுவனத்தை நோவார்ட்டிஸ் 870 கோடி டாலருக்கு வாங்கியது. 2019 மே 24 அன்று சோல்கென்ஸ்மாவுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. விலை 21,25,000 டாலர்.

நிறுவனம் இந்த விலைக்குச் சொன்ன நியாயம், செய்ய இவ்வளவு ஆனது என்பதல்ல. காலமெல்லாம் போட வேண்டிய இன்னொரு ஊசிக்குப் பத்து வருஷத்தில் ஆகும் செலவில் இது பாதிதான் என்றது. 1983இல் வந்த அனாதை மருந்துச் சட்டம் ஏழு ஆண்டு தனியுரிமை தந்திருந்தது. நோயாளி குறைவாக இருப்பதால் யாரும் தொடாத மருந்துகளைத் தொட வைப்பதற்காக, நோயாளிக் குடும்பங்களே போராடி வாங்கிய சட்டம் அது. விலையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் பிரெஞ்சுப் பெற்றோர் சங்கமும் உண்டு. வேருக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள், காய்க்கிறபோது வேலிக்கு வெளியே நின்றார்கள்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதி இல்லை. டைம் நாணயங்களில் பிறந்த சால்க்கின் போலியோ தடுப்பூசி 1955இல் வந்தபோது அதற்குக் காப்புரிமை இல்லை. காப்புரிமைக்கு வழியுண்டா என்று வழக்கறிஞர்கள் பார்க்கத்தான் செய்தார்கள்; இல்லை என்று முடிவானது. யாருக்குச் சொந்தம் என்று கேட்டதற்கு சால்க் மக்களைக் கைகாட்டினார். அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை இன்னொரு வழியில் போனது. நன்கொடைப் பணத்தை மருந்து நிறுவனத்தில் போட்டு, வருமானத்தில் பங்கு எழுதி வாங்கிக்கொண்டது. 2014இல் அந்தப் பங்கை 330 கோடி டாலருக்கு விற்று மறுபடி ஆராய்ச்சியில் இறங்கியது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பணத்தில் பிறந்த மாத்திரையின் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர். சங்கத்துக்கு மொய் திரும்பி வந்தது, மாத்திரை வாங்கும் வீட்டுக்கு வரவில்லை.

பதினாறு கோடி எப்படி வந்தது என்ற என் பழைய கேள்வி இங்கே மாறிவிட்டது. இத்தனை பேர் எழுதிய மொய்க்கு நோட்டு யாரிடம் இருக்கிறது?

*

2021இல் இந்தியா முழுக்க இந்த மருந்தின் பெயர் தெரிந்துவிட்டது. மும்பை, கேரளம், கொங்குப் பகுதி என்று குழந்தைகளின் படங்கள் போனுக்குப் போன் பறந்தன. கேரளத்தில் ஒரு குழந்தைக்குக் கேட்டது 18 கோடி, ஒரே வாரத்தில் வந்தது 46 கோடிக்கு மேல். இறக்குமதி வரி மட்டுமே ஆறு கோடி அளவில் ஆகும் என்பதால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக மத்திய அரசிடம் விலக்குக் கேட்க வேண்டியிருந்தது. நிறுவனம் உலகம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு நூறு குழந்தைகளுக்குக் குலுக்கல் முறையில் இலவசமாகத் தந்தது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை அந்த மார்ச்சில்தான் வந்தது. உதவி 20 லட்சம் வரை, அதுவும் சில நோய்களுக்கு மட்டும். அடுத்த ஆண்டு 50 லட்சம் ஆக்கினார்கள்.

கேரளத்துக்கு வந்தது எங்களுக்கு வரவில்லை. எந்தக் குழந்தையின் படம் ஓடும், எது நின்றுபோகும் என்பதற்குக் கணக்கே கிடையாது. நூறு, இருநூறு, ஐம்பது என்று வந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போன பையன்கள் ஒரு அறையில் இருக்கிற எல்லோருமாகச் சேர்ந்து அனுப்பினார்கள். தங்கச்சி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி எல்லாப் பெயரையும் எழுதினாள். ஊர், பேர், தொகை. பேர் தெரியாத இடத்தில் போன் நம்பரின் கடைசி நான்கு எண். முதல் வரியில் என் பெயர்.

"எதுக்குப் புள்ள இது? இது தர்மம். யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கண்ணே. நாம எழுதி வைக்கணும்ல?"

ஆகஸ்ட் கடைசியில் பாப்பாவுக்குச் சளி கட்டியது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். அன்றைக்குக் கணக்கில் 41 லட்சம் இருந்தது. அத்தனையையும் இதே நோயுள்ள வேறொரு குழந்தைக்கு மாற்றிவிடச் சொல்லி மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். சடங்குச் செலவுக்கு அவர் கொழுந்தியாள் வீட்டில் கடன் வாங்கினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் தங்கச்சியின் போனுக்கு, மகளிர் குழு வாட்ஸ்அப்பில், ஒரு படம் வந்தது. 'இந்தக் குழந்தையைக் காப்பாற்ற உதவுங்கள், பகிருங்கள்.' டியூப் படம். நான் தேர்ந்தெடுத்த படம். அனுப்பியவருக்குப் பாவம் ஒன்றும் தெரியாது. தங்கச்சி என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இன்னும் சுத்துதுண்ணே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஜெரியின் அநாதைகள் வளர்ந்து வந்து தெருவில் நின்று கேட்டார்கள். பாப்பா வளர்ந்து வந்து என்னைக் கேட்கப் போவதில்லை. மஞ்சள் சட்டைப் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் மட்டும் இருக்கிறது.

நோட்டு பீரோவில் இருக்கிறது. பக்கத்து ஊர்ப் பெயர்கள் கொஞ்சம் அதில் உண்டு. அந்த வீடுகளில் கல்யாணம், காதுகுத்து என்று காதில் விழுந்தால் அழைப்பு இருக்கிறதோ இல்லையோ போய்விடுகிறாள். மொய் எழுதுகிறவர் பேர் கேட்டால் பாப்பா பேரைச் சொல்கிறாள்.

*

எஸ்.எம்.ஏ.வுக்கு இன்னொரு மருந்தும் உண்டு. ரிஸ்டிப்லாம். ஊசி அல்ல, வாயில் ஊற்றுவது, தினமும். 2020இல் வந்தது. அதன் வேரும் பெற்றோர்தான். 2003இல் நியூயார்க்கில், மகளுக்கு இந்த நோய் வந்த ஒரு தம்பதி தொடங்கிய எஸ்.எம்.ஏ. அறக்கட்டளை 2006 முதல் பி.டி.சி. என்ற நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து இந்த ஆராய்ச்சியை ஓட்டியது. பிறகு ரோஷ் நிறுவனம் சேர்ந்தது. இந்தியாவில் ஒரு பாட்டில் ஆறு லட்சம் ரூபாய் அளவில் விற்றது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தைச் செய்ய முன்வந்தபோது, காப்புரிமை வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 அக்டோபரில் தடை கொடுக்க உயர் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ வைத்த விலை பாட்டில் 15,900 ரூபாய்.

செய்தி வந்த அன்றைக்குத் தங்கச்சிக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது ஒரு பையன். கருவிலேயே பரிசோதனை செய்து பார்த்துப் பெற்றது. அவன் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒரு பாட்டில் எத்தனை நாளைக்குண்ணே வரும்?" என்றாள்.

"பெரியவங்களுக்கு ரெண்டு வாரம் கூட வராது. கைக்குழந்தைன்னா எடைக்குத் தகுந்த மாதிரி. ஒரு மாசத்துக்கு மேலேயே வரும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"அப்போ மொய் விருந்து வச்சே பாத்திருக்கலாம்ல?"

"ம்" என்றேன்.

"தைக்கு ஆவணம்ல ஒரு கல்யாணம்ணே. அந்தச் சிங்கப்பூர்ப் பசங்கள்ல ஒருத்தன். நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.